பேக்கனும் அதன் அடியில் விரிக்கும் தாளும்

பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியை உப்பிலும் சோடியம் நைட்ரைட்டிலும் ஊறவைத்து, பெரும்பாலும் மரப்புகையூட்டி, மெல்லிய நீளத் துண்டுகளாகச் சீவி விற்பதே அமெரிக்கச் சமையலறைகளில் பேக்கன் எனப்படுகிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இப்பெயர் பெரும்பாலும் முதுகுப்புறத்து இறைச்சியைக் குறிப்பதால் அங்கே கொழுப்புக் குறைவு. உப்புக்கண்டம் போட்டு இறைச்சியைக் காக்கும் வழக்கத்தை அறிந்த தமிழருக்கு இதன் அடிப்படை புதிதன்று. ஆனால் உப்புக்கண்டம் வெயிலில் காய்ந்து நீரை இழந்துவிட, பேக்கனோ ஈரத்தோடும் கொழுப்போடும் அடுப்புக்கு வருகிறது. அந்த ஈரமும் கொழுப்பும் சூட்டில் எப்படிப் பிரிகின்றன என்பதைப் பொறுத்தே அதன் மொறுமொறுப்பு அமைகிறது.

வாணலியில் அடியிலிருந்து மட்டுமே சூடு ஏறுவதால், துண்டு சுருண்டு மேலெழும் இடங்களில் வேகாமலும், உலோகத்தைத் தொடும் இடங்களில் கருகியும் போகிறது. தெறிக்கும் கொழுப்பு கையையும் சுடுகிறது. ஓவனில் சூடான காற்று துண்டைச் சுற்றிச் சூழ்வதாலும், தட்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதாலும், பத்துப் பன்னிரண்டு துண்டுகளை ஒருமுறைகூடத் திருப்பாமல் சேர்த்துச் சமைத்துவிடலாம். 400 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 204 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், துண்டின் தடிமனைப் பொறுத்து 15 முதல் 20 நிமிடம் வரை வைப்பது அமெரிக்க வீடுகளின் வழக்கம். தட்டு நாற்புறமும் விளிம்பு உயர்ந்ததாகவே இருக்க வேண்டும். விளிம்பில்லாத் தட்டிலிருந்து உருகிய கொழுப்பு வழிந்து சூடேற்றும் கம்பியில் விழுந்தால் தீப்பற்றிக்கொள்ளும்.

சமையலின் நிலையைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தே அறியலாம். முதலில் வெள்ளையாக இருக்கும் கொழுப்புப் பட்டை மெல்ல ஒளி ஊடுருவும் பதத்துக்கு வருகிறது. பிறகு துண்டைச் சுற்றிப் பெரிய குமிழிகள் வெடித்தபடி இருக்கின்றன. அவை இறைச்சியிலிருந்து வெளியேறும் நீராவியே. நீர் மிஞ்சியிருக்கும்வரை இறைச்சியின் சூடு 100 டிகிரி செல்சியஸை விட்டு அதிகம் ஏறுவதில்லை. நீர் வற்றியதும் குமிழிகள் சிறுத்து நுரையாகின்றன, துண்டு சிவக்கத் தொடங்குகிறது. அந்தச் சிவப்பும் மணமும், புரதக் கூறுகளும் சர்க்கரைகளும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவதால் விளைபவை. இவ்வினையை 1912-இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலர் லூயி கமில் மையாரின் பெயராலேயே அது வழங்குகிறது. நுரைக்கும் கருகலுக்கும் இடையே மிகச் சிறிது நேரமே உள்ளதால், சிவந்தவுடன் வெளியே எடுத்துவிடுவது நல்லது. ஆறும்போது துண்டு தானே விறைத்துக்கொள்ளும்.

கருகவிடக் கூடாது என்பதற்குச் சுவை மட்டுமே காரணம் அன்று. பொட்டுலிசம் என்னும் உயிர்கொல்லி நச்சு நோயைத் தரும் நுண்ணுயிரைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்படும் நைட்ரைட், கடுஞ்சூட்டில் புரதக் கூறுகளோடு சேர்ந்து நைட்ரோசமைன்கள் என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடிய சேர்மங்களை உண்டாக்கும். பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. நாள்தோறும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராமுக்கும் பெருங்குடல் புற்றுநோயின் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுவதாகவும் அது குறிப்பிட்டது. எனவே எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும் பேக்கன் அன்றாட உணவாகத் தகாது.

தட்டைக் கழுவும் வேலையைக் குறைக்கவே அடித்தாள் விரிக்கப்படுகிறது. ஆயினும் காய்ந்த கொழுப்பிலும் உப்பிலும் நனைந்து, சமைத்து முடியும்வரை உணவைத் தொட்டுக்கொண்டே இருக்கும் பொருள் அது என்பதால், இறைச்சியைத் தேர்வதில் காட்டும் அக்கறை அதைத் தேர்வதிலும் வேண்டும். மிகுதியான தவறு நேர்வது மெழுகுத் தாளுக்கும் பார்ச்மென்ட் தாளுக்கும் இடையேதான். மெழுகுத் தாளின் மேலுள்ள பாரபின் மெழுகு 70 டிகிரி செல்சியஸை எட்டுமுன்பே உருகிவிடும். 200 டிகிரி ஓவனில் அது உணவில் கலப்பதோடு புகைந்து தீப்பற்றவும் கூடும். பார்ச்மென்ட் தாளோ, மரக்கூழ்த் தாளைக் கந்தக அமிலத்தில் தோய்த்து, கழுவி, அதன் நுண்துளைகளை அடைத்து, சூடு தாங்கும் சிலிக்கோனை மேலே பூசி ஆக்கப்படுவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். நகத்தால் கீறினால் மெழுகுத் தாளில் வெண்பொருக்கு உதிர்ந்து நகத்தில் ஒட்டும். பார்ச்மென்ட்டில் கீறல் மட்டுமே விழும். தமிழகக் கடைகளில் இவ்விரண்டும் ‘பட்டர் பேப்பர்’ என்ற ஒரே பெயரில் கிடைப்பதால், வீட்டில் கேக் சுடுவோருக்கும் இந்தச் சோதனை பயன்படும்.

பார்ச்மென்ட்டுக்கும் எல்லை உண்டு. பெரும்பாலான தயாரிப்புகள் 215 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்றே குறிக்கப்படுகின்றன. பேக்கன் சமைக்கும் 204 டிகிரிக்கும் அதற்கும் இடைவெளி சிறிதே. வீட்டு ஓவன்களின் வெப்பம் குறித்த அளவைத் தாண்டி ஏறி இறங்குவதும் இயல்பு. ஆதலால் தாள் தட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிராதபடி வெட்டி விரிக்க வேண்டும்; மேலிருந்து நேர்ச்சூடு பாய்ச்சும் கிரில் முறையில் அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

அலுமினியத் தாள் 660 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால் சூட்டைப் பற்றிய அச்சம் அதில் இல்லை; அதன் பளபளப்பான பக்கம், மங்கிய பக்கம் என்ற வேறுபாடும் ஆலையில் கடைசி உருட்டலின்போது இரு தாள்களைச் சேர்த்து அழுத்துவதால் வருவதே. ஆனால் உப்பும் புளிப்பும் அலுமினியத்தைச் சிறிது கரைத்து உணவில் சேர்க்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம் அலுமினியம் என்பதே தாங்கத்தக்க அளவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் வரையறுத்தது; 20 நிமிடச் சமையலில் சேர்வது சொற்பமே என்றாலும், அலுமினியத்தை வெளியேற்றும் உறுப்பு சிறுநீரகம் என்பதால், சிறுநீரக நோய் உள்ளவர்கள் வாழும் வீட்டில் இத்தாளைத் தவிர்ப்பதே முறை.

எண்ணெய் ஊறாத சில தாள்களில் பிஎஃப்ஏஎஸ் எனப்படும், மண்ணிலும் உடலிலும் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் பூசப்பட்டு வந்தன. உணவைத் தொடும் தாளிலும் அட்டையிலும் இவற்றை டென்மார்க் 2020-இல் தடை செய்தது. எண்ணெய்த் தடுப்புக்காக இச்சேர்மங்களை உணவுத் தாள்களுக்கு விற்பது தம் நாட்டில் நின்றுவிட்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. பிற நாடுகளில் வாங்குவோர் இவை சேராதது என்ற குறிப்பைப் பெட்டியில் தேடிப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழை வலையில் சிலிக்கோன் பூசிய விரிப்பைப் பலமுறை கழுவிப் பயன்படுத்தலாம். அதன் மேல் கத்தி படக் கூடாது, அறுபட்டால் இழை வெளிப்பட்டு உணவில் கலக்கும்.

சமைத்து முடிந்ததும் தட்டில் தேங்கும் கொழுப்பு உறையும்வரை பொறுத்து, தாளோடு சுருட்டிக் குப்பையில் போடலாம், அல்லது வடிகட்டிக் கண்ணாடிக் குப்பியில் சேமிக்கலாம். கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது: 2017-இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் கொழுப்பும் ஈரத்துடைப்புத் தாள்களும் இறுகி, 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட பாறையாக அடைத்துக்கொண்டதை அகற்றப் பல வாரங்கள் ஆயின. ஓவனுக்குள் கொழுப்பு தீப்பற்றினால் கதவைத் திறக்காமல் மின்சாரத்தை அல்லது எரிவாயுவை நிறுத்த வேண்டும்; நீரை ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி எரியும் கொழுப்பை நாற்புறமும் வாரி இறைக்கும்.

உண்மையில் தாளே இல்லாத எஃகுத் தட்டுக்கு நிகரான பாதுகாப்பு வேறெதிலும் இல்லை. வெந்நீரும் சோப்பும் அதற்குப் போதும். தாள் வேண்டும் என்போர், தாங்கும் வெப்ப அளவு பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்த எண் இல்லாத தாளை, கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும், ஓவனுக்குள் வைக்க வேண்டாம்.