இரும்பும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் இடம்

புனே நகரின் பழைய பேட்டைகளில், குறிப்பாகத் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் ராஸ்தா பேட் போன்ற பகுதிகளில், வீடுகளின் பின்சுவரை நிமிர்ந்து பார்த்தால் வார்ப்பிரும்புக் குழாய்கள் மாடியிலிருந்து தரைவரை இறங்குவதைக் காணலாம். சணலும் உருக்கிய ஈயமும் கொண்டு இணைக்கப்பட்ட அவற்றுள் பல இன்றும் உறுதியாகவே உள்ளன. மண்ணுக்கடியில் உள்ள பழைய களிமண் குழாய்களே விரிசல் கண்டு, பி.வி.சி. குழாய்களாக மாற்றப்படுகின்றன. மேலே இரும்பு, கீழே பிளாஸ்டிக். இரண்டும் சந்திக்கும் ஒரு சாண் இடத்தில் நேரும் பிழை, கண்ணில் படாமலேயே அடித்தளத்தை ஈரமாக்கி, ஒருநாள் பெருஞ்செலவாக நம்முன் நிற்கும்.

சிமென்ட் பூச்சு ஏன் நிலைப்பதில்லை?

இரும்பைப் பிளாஸ்டிக்கினுள் செருகிச் சுற்றிலும் சிமென்ட் பூசுவது பரவலான வழக்கம். ஆனால் வழுவழுப்பான பி.வி.சி.யைச் சிமென்ட் பற்றுவதில்லை. மேலும் 3 மீட்டர் பி.வி.சி. குழாயின் வெப்பம் 20 பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். அதே நீள வார்ப்பிரும்பு 1 மில்லிமீட்டர்கூட நீளாது. தக்காணத்தின் கரிசல் மண்ணோ மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். எனவே விறைப்பான இணைப்பு வெடித்தே தீரும்.

சரியான முறை

சற்றே அசைவுக்கு இடம் தரும் இணைப்பே நிலைக்கும். இதற்கென ரப்பர் வளையம் கொண்ட அடாப்டர்களும், துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளால் இறுக்கப்படும் ரப்பர் இணைப்புகளும் கிடைக்கின்றன. இரு குழாய்களும் ‘நான்கு அங்குலம்’ எனப்பட்டாலும் வெளிவிட்டம் வேறுபடக்கூடும். அளந்த பின்னரே வாங்குதல் வேண்டும். இரும்பின் வெட்டுமுனையைத் தேய்த்துத் துருவை நீக்குவதும் அவசியம். இரும்புக் குழாயின் எடையைச் சுவரில் பதித்த கிளாம்ப்புகளே தாங்க வேண்டும். கீழுள்ள பிளாஸ்டிக் வளைவின்மீது அது அமர்தல் கூடாது. புதைக்கும் குழாயில் ஐ.எஸ். 15328 என்னும் தரக்குறியைப் பார்த்து வாங்குவோம். சுவரில் பொருத்துவதற்கான ஐ.எஸ். 13592 வேறு வகை.

மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயுடன் இணைத்தலும் தவறு. பெருமழையில் கழிவுநீர் எதிர்த்தேறி வீட்டுக்குள் வரக்கூடும். பள்ளம் தோண்டும்போதே மழைநீரைத் தனியே சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பலாம்; மழைநீர் சேகரிப்புக்குப் புனே மாநகராட்சி சொத்து வரியில் சலுகையும் வழங்கி வருகிறது.

பணத்தைக் காக்கும் வழி

பள்ளத்தை மூடுமுன் புதிய குழாயின் கீழ்முனையை அடைத்து, இணைப்புக்கு மேல்வரை நீர் நிரப்பி, அரைமணி நேரம் மட்டம் இறங்காதிருக்கிறதா என்று பார்ப்போம். கூலியின் இறுதித் தவணையை இச்சோதனைக்குப் பின்னரே அளிப்பது என முன்கூட்டியே எழுதிக்கொள்வது நலம். இணைப்பைப் படமெடுத்து வீட்டுப் பத்திரங்களுடன் வைத்தால் பிற்காலத்தில் பழுது பார்ப்பது எளிது.

செலவு மிகுமாயின் வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் உதவும். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கப் பெற்ற கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரலாம்; பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

ஜூன் மாத மழைக்கு முன்பே இப்பணியை முடித்துவிட்டால், மண் மூடிய பின்னும் நம் மனம் நிம்மதியாக இருக்கும்.