நிமிர்ந்து உட்காரச் சொன்னால் மட்டும் போதுமா?

தலையணை இல்லாமல் தரையில் மல்லாந்து படுங்கள். கைகளை உடலின் பக்கவாட்டில் தளர்வாக வையுங்கள். தோளின் பின்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லி, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இடைவெளி எல்லாருக்கும் இருக்கும். தோள் நன்றாகத் தூக்கி நின்றால், மார்புத் தசை இறுகியிருக்கலாம்.

எந்தத் தசை? பெரிய மார்புத் தசைக்கு அடியில் சிறிய தசை ஒன்று ஒளிந்திருக்கிறது. 3, 4, 5ஆம் விலா எலும்புகளில் தொடங்கி, மேலேறி, தோள்பட்டை எலும்பின் முன்பக்க நீட்சியில் போய் ஒட்டிக்கொள்கிறது. காக்கையின் அலகுபோல வளைந்த அந்த நீட்சிக்குக் கிரேக்கர்களின் காக்கைப் பெயரையே வைத்துவிட்டார்கள்!

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முழங்கையை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை என்று படித்திருப்பீர்கள். தோளிலும் அப்படித்தான். மணிக்கணக்கில் கைப்பேசிமீது குனிந்திருந்தால் முன்தசை சுருங்கிய நிலையிலேயே பழகிவிடும். முதுகுத் தசைகள் இழுபட்டுக் களைத்துப்போகும். அம்மா அதட்டியதும் நிமிர்கிறீர்கள், இரண்டு நிமிடத்தில் மறுபடி கூன். அது வெறும் சோம்பல் அல்ல. (வகுப்பில் நானும் அதட்டியவன்தான்.)

முதலில் முன்பக்கத்தைத் தளர்த்துவோம். கதவு நிலையில் முன்கையை ஊன்றுங்கள். முழங்கை தோள் உயரத்தில் இருக்கட்டும். ஒரு காலை முன்னே வைத்து, மார்பில் மெல்லிய இழுப்பு தெரியும்வரை உடலை முன்னே நகர்த்துங்கள். 30 விநாடி அப்படியே நில்லுங்கள். மூச்சை அடக்காதீர்கள். இந்தத் தசை விலா எலும்போடு சேர்ந்திருப்பதால், மெதுவாக மூச்சை வெளியே விடும்போது அது தளர்வதை உணரலாம். பக்கத்துக்கு மூன்று முறை போதும். குலுக்கி இழுக்க வேண்டாம்.

அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். முதல் சில வாரங்களில் தசை பெரிதாக நீளமாவதில்லை. இழுப்பைத் தாங்க நரம்பு மண்டலம் பழகுகிறது, அவ்வளவுதான். ஆகவே முதுகுக்கும் வேலை கொடுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கி, 5 விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை. அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கைக்குப் போகும் நரம்புகளும் பெரிய இரத்தக்குழாய்களும் அந்தச் சிறிய தசைக்கு அடியில்தான் செல்கின்றன. விரல்கள் மரத்துப்போனாலோ தோள் மூட்டில் வலித்தாலோ உடனே நிறுத்துங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்கு வாரம் கழித்து அதே தரையில் மறுபடி படுத்து, விரல் கணக்கைச் சரிபாருங்கள்.