மனமும் மஞ்சள் பையும்

பிளாஸ்டிக் பை மண்ணுக்கும் நீருக்கும் கேடு என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆயினும், அதனை நன்கு அறிந்தவருள்ளும் சிலர் வெறுங்கையுடன் கடைக்குச் செல்கின்றனர். அறிவு இருந்தும் செயல் ஏன் பின்தங்குகிறது? இதற்கு உளநூலார் கூறும் விடைகளுள் மூன்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவது, ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்னும் அறிஞர் 1977இல் விரித்துரைத்த கருத்து. தன் செயலால் பிறர்க்கு விளையும் தீங்கை உணர்ந்து, அதற்குத் தானும் பொறுப்பு என ஏற்றவனிடமே கடமையுணர்ச்சி விழித்தெழும் என்றார் அவர். 'என் ஒரு பையால் உலகம் கெட்டுவிடுமா?' என்று கேட்பவன் தீங்கை அறியாதவன் அல்லன். பொறுப்பைத் தட்டிக் கழிப்பவன்.

இரண்டாவது, ஐசெக் அய்சென் 1991இல் விளக்கிய 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு'. ஒரு செயலைப் பற்றிய நம் கருத்து, நமக்கு வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு, அச்செயல் நம்மால் இயலும் என்னும் நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே மனத்தில் உறுதியை உண்டாக்கும் என்பது அதன் சாரம். துணிப்பையை நல்லதென்று கருதுபவரும், வேலை முடிந்து நேரே சந்தைக்குச் செல்லும்போது கையில் பை இல்லையென்றால் என்செய்வார்? சென்னைக் கோயம்பேடு சந்தையில் 2022இல் 10 ரூபாய்க்கு மஞ்சள் பை தரும் இயந்திரம் வைக்கப்பட்டது. அது இக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்று.

மூன்றாவது, பிறரைப் பார்த்துச் செய்யும் இயல்பு. அமெரிக்க விடுதியொன்றில் கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. பயன்படுத்திய துண்டையே மீண்டும் பயன்படுத்துமாறு வேண்டி அறைகளில் அட்டை வைத்தனர். சுற்றுச்சூழலைக் காக்குமாறு மட்டும் கேட்ட அட்டைக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர் இணங்கினர். விருந்தினருள் பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர் என்று கூறிய அட்டைக்கோ ஏறத்தாழ 44 பேர் இணங்கினர்.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'எல்லாரும் பிளாஸ்டிக் பைதான் வாங்குகிறார்கள்' என்று நாம் குறை கூறும்போது, அதுவே ஊர் வழக்கம் என்னும் எண்ணத்தைக் கேட்பவர் மனத்தில் ஊன்றிவிடுகிறோம். துணிப்பை கொண்டு செல்வோரைச் சுட்டிப் பேசுவதே பயன் தரும்.

ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. 2021இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கலாம். வாங்குவோர் மனத்தை மாற்றுவது அக்கம்பக்கத்தாரின் வழக்கமே. அவ்வழக்கத்தில் நீங்கள் ஏந்திச் செல்லும் பையும் ஒன்றாகக் கணக்கில் சேரும்.