தொட்டிக்குள் ஒரு தோட்டம்

காலையில் கறிகாய் நறுக்கி முடித்ததும் தோலையும் காம்பையும் என்ன செய்கிறீர்கள்? குப்பைக் கூடைக்குத்தானே போகின்றன? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. "அத்தனையும் செடிக்கு ஆகாரம்" என்று யாரோ சொன்னார்கள். வந்தது வினை!

மொட்டை மாடியில் எட்டுத் தொட்டிகளை வரிசையாக வைத்துக் கத்தரியும் தக்காளியும் நட்டேன். கல்லூரியில் தாவர சாஸ்திரம் படித்தவள் என்ற கர்வம் வேறு! காலையும் மாலையும் செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டேன். காய்கறித் தோலைப் பச்சையாகவே வேரடியில் புதைத்தேன். பதினைந்தே நாளில் ஆறு செடிகள் அழுகித் தலை சாய்ந்துவிட்டன.

கீழ் வீட்டுப் பாட்டி வந்து ஒரு தொட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏண்டியம்மா, செடி வளர்க்கிறாயா, குளம் வெட்டுகிறாயா? அடியிலே துவாரத்தையே காணோமே!" என்றாள்.

அன்பு மிகுதியினால் அல்லவா ஆறு உயிர்களைக் கொன்றிருக்கிறேன்!

நிலத்துச் செடிக்குத் தண்ணீர் அதிகமானால் அது பூமிக்குள் இறங்கிவிடும். சத்துக் குறைந்தால் வேர் நாலு பக்கமும் தேடிப் போகும். தொட்டிச் செடிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நாம் கொடுப்பதுதான் அதற்குக் கிடைக்கும். அதிகமாகக் கொடுத்தாலும் தப்ப வழியில்லை. வேருக்கும் மூச்சுக்காற்று வேண்டும். தேங்கிய தண்ணீர் அதை அடைத்துவிடுகிறது. ரசாயன உரத்தை அளவு தெரியாமல் போட்டாலோ, உப்பு தொட்டிக்குள்ளேயே தங்கி வேரைக் கருக்கிவிடும். மக்கிய எரு அப்படியல்ல. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கின்றன.

ஆகவே, முதலில் துவாரம், பிறகுதான் விதை. செம்மண், மக்கிய எரு, தென்னை நார்க் கழிவு மூன்றையும் சம பாகமாகக் கலந்துகொள்ளுங்கள். நார்க் கழிவை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்துவிடுவது நல்லது. அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் போய்விடும். ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் வேருக்குக் காவல்.

தோலையும் காம்பையும் பச்சையாகப் புதைக்காதீர்கள். மக்கும்போது சூடு எழும்பும், நாற்றமும் சேரும். துளையிட்ட பழைய பக்கெட்டில் ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு என்று அடுக்கி, வாரம் ஒரு முறை கிளறி விடுங்கள். எண்ணெய்ப் பண்டமும் மீன், மாமிசமும் வேண்டாம். சுமார் இரண்டு மாதத்தில், முதல் மழையில் நனைந்த மண்போல மணக்கும் கரிய எரு தயார்!

தண்ணீர் விடுவதற்கு முன் விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். கத்திரி வெயில் நாட்களில் மட்டும் இரு வேளையும் தேவைப்படலாம். தொட்டிகளைச் செங்கல் மேல் வைத்தால் தளத்தில் நீர் தேங்காது. வீட்டுக்காரரின் கோபத்துக்கும் ஆளாக வேண்டியதில்லை.

மாவுப்பூச்சி வந்தால் கலங்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளின் அடிப்புறத்தில் தெளியுங்கள்.

முதன் முதலில் கத்தரியில் கை வைக்காதீர்கள். அதற்கு ஓர் அடி ஆழத் தொட்டியும், தினம் ஆறு மணி நேர வெயிலும், மிகுந்த பொறுமையும் வேண்டும். அரை அடி ஆழமுள்ள அகலமான தொட்டியில் சிறுகீரை விதையைத் தூவுங்கள். பால்கனியில் நாலு மணி நேர வெயில் விழுந்தாலும் அது வளர்ந்துவிடும்.

நான் மறுபடி ஆரம்பித்தது அதில்தான். 25-ஆம் நாள் ஒரு கட்டுக் கீரை பறித்துக்கொண்டு பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினேன். பாட்டி கீரையைப் பார்த்தாள்; என்னையும் ஒரு முறை பார்த்தாள்.

"இந்தத் தடவை துவாரம் இருக்கோல்லியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்!