ஒரே ஒரு காப்பி... அதுவும் உங்க கையால!

தாத்தாவோட தகரப் பெட்டியைக் குடைஞ்சிருக்கீங்களா? மங்கிப்போன போட்டோ, கல்யாணப் பத்திரிகைக்கு நடுவுல ஒரு பழைய கவர் சிக்கும். வலது மூலையில ஸ்டாம்ப், அது மேல வட்டமா ஒரு முத்திரை. இடது பக்கம் மட்டும் காலி. 'அட, படம் வரைய சூப்பர் இடமாச்சே!'ன்னு உடனே பிரஷ்ஷைத் தூக்கிடாதீங்க பாஸ். ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் காலி இடத்தோட கதையைக் கேளுங்க.

ஒரு தபால்தலை வெளியாகிற அன்னிக்கே அதை உறையில ஒட்டி, அதே தேதி முத்திரையையும் வாங்கிட்டா, அது 'முதல்நாள் உறை'. அதோட இடது பக்கம் இருக்கிற படத்துக்குப் பேரு 'கேஷே'. அஞ்சல் துறை விக்கிற உறைகள்ல இந்தப் படம் அச்சாகியே வந்துடும். ஆனா வெறும் கவர் ஒண்ணை எடுத்து, படத்தை நீங்களே வரைஞ்சா? ஸ்டாம்ப் லட்சக்கணக்குல அச்சாகட்டுமே, உங்க கவர் உலகத்துக்கே ஒண்ணுதான்!

கிண்டலில் தொடங்கிய கதை

1840 மே மாதம். உலகின் முதல் தபால்தலையான 'பென்னி பிளாக்' பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. கூடவே வில்லியம் முல்ரெடி என்ற ஓவியர் வரைந்த அச்சு உறையும் வந்தது. பிரிட்டானியா உலகத்தின் நாலு மூலைக்கும் தூதர்களை அனுப்புவது போல பந்தாவான படம். மக்கள் பார்த்தார்கள்... விழுந்து விழுந்து சிரித்தார்கள்! அதைக் கேலி செய்து ஆளாளுக்குக் கார்ட்டூன் உறைகள் போட்டு விற்க, அரசாங்கம் முல்ரெடி உறையை வாபஸ் வாங்கியது. ஆனால், கவரில் படம் போடும் ஆசை மட்டும் ஒட்டிக்கொண்டது.

1923 செப்டம்பர் 1-ல் அமெரிக்காவில் ஜனாதிபதி ஹார்டிங்கின் நினைவுத் தபால்தலை வெளியானபோது, ஜார்ஜ் லின் அஞ்சலி வாசகம் அச்சிட்ட உறைகளைத் தயாரித்தார். விற்பனைக்கு வந்த முதல் 'கேஷே' அதுதான் என்கிறார்கள் சேகரிப்பாளர்கள். பிறகு 1940-கள், 50-களில் கலக்கியவர் டோரதி நாப். அச்சுக்கும் வரைந்து கொடுத்தவர்தான். ஆனாலும் அவர் தன் கையால் வண்ணம் தீட்டிய உறைகளுக்குத்தான் இன்றும் ஏக கிராக்கி. ஒற்றை உறையே ஆயிரம் டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கிறது!

களத்துல இறங்கலாமா?

முதல்ல ஐடியா. ஸ்டாம்ப்ல இருக்கிற முகத்தையே பக்கத்துல இன்னொரு தடவை வரையாதீங்க. ஸ்டாம்ப் சொல்லாம விட்டதைச் சொல்லுங்க. உதாரணத்துக்கு ராமானுஜன். காகிதச் செலவு கட்டுப்படியாகாம சிலேட்டுல கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழிச்சவர் அவர். ஒரு சிலேட், ஒரு முழங்கை, பாதி அழிஞ்ச எண்கள். போதும், கதை முடிஞ்சது!

அடுத்து கவர். வழவழ கவர்ல கலர் நிக்காது. மெல்லிசுக் கவர் தண்ணி பட்டதும் அப்பளமா நெளியும். கொஞ்சம் தடிமனான, சொரசொரப்பான கவரா பாருங்க. உள்ளே ஒரு அட்டையைச் செருகிட்டு வரைஞ்சா பேனா அழுத்தம் பின்பக்கம் பதியாது.

பென்சில்ல லேசா கோடு. அதுமேல தண்ணியில கரையாத மையில அவுட்லைன். நல்லா காய்ஞ்ச பிறகு வாட்டர்கலர். பிரஷ்ஷுல தண்ணி கம்மியா இருக்கணும், அதான் ரகசியம். சாதாரண ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஒரு சொட்டு பட்டாலும் வழிஞ்சு மானத்தை வாங்கிடும். இடது பாதியோட நிறுத்திக்குங்க. வலது பாதி ஸ்டாம்ப்புக்கும் முகவரிக்கும். ஸ்டாம்ப் மேல பிரஷ் படவே கூடாது!

முத்திரை வாங்க, தபால்தலை சேகரிப்பாளர்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கிற பெரிய தபால் நிலையத்துக்குப் போங்க. சென்னைன்னா அண்ணா சாலை தலைமை அஞ்சலகம். 'தெளிவா விழற மாதிரி குத்துங்க சார்'னு பணிவா கேளுங்க. இங்கேதான் பலருக்குத் திக்திக். வரைஞ்சு முடிச்ச கவர்ல முத்திரை இழுபட்டா உழைப்பு காலி. அதனால வெறும் கவர் நாலைஞ்சுல முத்திரை வாங்கி வந்து, நல்லா விழுந்ததுல நிதானமா வரையறது பாதுகாப்பு.

முதல் நாளைத் தவற விட்டாச்சா? நோ டென்ஷன். ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 தேசிய கணித நாள். அவர் ஸ்டாம்ப்பை ஒட்டி அன்னிக்கு முத்திரை வாங்குங்க, தேதியே பேசும். ஆனா அதுக்கு 'முதல்நாள் உறை'ன்னு பேர் வைக்காதீங்க. அது வேற, இது வேற.

பத்திரப்படுத்த வெயிலும் ஈரமும் படாத இடம் பாருங்க. மழைக்காலத்துல பூஞ்சை வந்துட்டா போச்சு.

இப்போ தாத்தா கவர்...

அதுல ஏன் வரையக் கூடாது? முதல் காரணம், கம்ப்யூட்டர்ல இருக்கிற 'அன்டூ' பட்டன் இங்கே கிடையாது. சும்மா காலியா இருக்கிறதே அந்தக் கவரோட மதிப்பா இருக்கலாம்.

ரெண்டாவது காரணம்தான் முக்கியம். முத்திரைங்கிறது ஒரு சாட்சி. 'இந்தக் கவர் இந்த நாள்ல, இந்த ஊர்ல இருந்தது'ன்னு அது சொல்லுது. அறுபது வருஷத்துக்கு முந்தின தேதிக்குப் பக்கத்துல நீங்க போன வாரம் வரைஞ்ச படம் இருந்தா, பார்க்கிறவங்க அதையும் அந்தக் காலத்துப் படம்னு நம்பிடுவாங்க. பிற்பாடு வரைஞ்சதை 'ஆட்-ஆன்'னு சேகரிப்பாளர்கள் தனியா பிரிச்சு வைக்கிறாங்க. சொல்லிட்டுச் செஞ்சா கலை; மறைச்சு வித்தா மோசடி. அதனால நீங்க வரையற ஒவ்வொரு கவர் பின்னாடியும் உங்க பேரு, வரைஞ்ச தேதி ரெண்டையும் எழுதிடுங்க. தாத்தா கவர் மேல ஆசை தீரலையா? ஜெராக்ஸ் எடுத்து அதுல விளையாடுங்க.

கடைசியா ஒண்ணு. வரைஞ்ச கவர் எல்லாத்தையும் ஆல்பத்துல பூட்டி வைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணை ஸ்கூல் ஃப்ரெண்டுக்கு, உள்ளே நாலு வரி எழுதி, நிஜமாவே தபால்ல போடுங்க. வழியில ஓரம் மடங்கலாம், கறை படலாம். படட்டுமே! அது அழுக்கு இல்ல, அந்தக் கவர் பயணம் போனதுக்கான டிக்கெட். ஐம்பது வருஷம் கழிச்சு யாரோ ஒரு பேரன் தகரப் பெட்டியைக் குடையும்போது, பின்னாடி உங்க பேரோட அது கிடைக்கும்!