அடைக்கோழி: 21 நாளும் அதற்குப் பிறகும்

பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்த நாட்டுக்கோழி, ஒரு நாள் கூட்டைவிட்டு எழ மறுக்கும். கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். ‘அடைக்குப் படுத்துவிட்டது’ என்பார்கள். மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் பெருகுவதால் வரும் மாற்றம் இது. வயிற்றுப்பக்கத்து இறகு உதிர்ந்து, இரத்த ஓட்டம் மிகுந்த தோல் நேராக முட்டையில் படும். வெள்ளை லெகார்ன் போன்ற பண்ணை இனங்களில், முட்டை எண்ணிக்கைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்ததில் இந்தக் குணம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. காவிரிப் படுகையின் கொல்லைக் கோழிகளிடம் அது அப்படியே இருக்கிறது.

அடை வைக்க ஒரு கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல் போதும். சேவலோடு மேய்ந்த கோழியின் முட்டையாக, இட்டு ஒரு வாரத்துக்கு மேற்படாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். இரவில் வைத்தால் கோழி மிரளாமல் அமரும். முட்டைக்குத் தேவையான சூடு ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ். அதைக் காப்பதோடு, கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளாதபடி முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டியும் விடுகிறது கோழி. நாளுக்கு ஒரு முறை இரை, தண்ணீருக்கு எழும். அப்போது தீனி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கருக்கொண்ட முட்டையில் இரத்த நாளங்கள் சிலந்தி வலை போலத் தெரியும். எதுவும் தெரியாதது கூமுட்டை, எடுத்துவிடலாம். கடைசி நாட்களில் குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையை அலகால் துளைத்து முதல் மூச்சு விடும். பிறகு அலகு நுனியிலுள்ள சிறு கூர்முனையால் ஓட்டை உடைக்கும். இதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரிக்கக் கூடாது. மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட்டிருப்பதால் இரண்டு நாள் இரையில்லாமலும் குஞ்சு தாங்கும். முந்திப் பொரித்தவை இறகுக்கடியில் காத்திருக்க, பிந்தியவற்றுக்காகத் தாய் அமர்ந்திருக்க முடிவது இதனால்தான். வாத்து முட்டையை வைத்தால், அதே கோழி 28 நாளும் அமர்ந்து பொரித்துக் கொடுக்கும்.

பொரிப்பது வரை கோழியின் பொறுப்பு. குஞ்சுகள் சாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அங்கேதான் நம் கை வேண்டும். முதல் சில வாரங்கள் குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காக்க இயலாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்தால் பிழைப்பது அரிது. சம்பா அறுவடையை ஒட்டிய தை, மாசியே டெல்டாவுக்கு ஏற்ற பருவம்: மழை ஓய்ந்திருக்கும், களத்தில் சிதறிய நெல்லும் பூச்சியும் கிடைக்கும். முதல் வாரங்களில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் பருந்தும் காக்கையும் நெருங்காது. நொய்யோடு புரதமும் தேவை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் போட்டு நீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் கறையான் நிறைந்திருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது வெள்ளைக் கழிச்சல். வந்தபின் மருந்தில்லை, ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து விடுவதே காப்பு. ஆனால் ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பத்துக் குஞ்சுக்காக யாரும் அதை வாங்குவதில்லை. தடுப்பு மருந்தே கொடுக்காமல் விடுகிறோம்.

வழி எளிது. ஒரு தெருவில் அடைக்குப் படுத்த கோழிகளுக்கெல்லாம் ஒரே நாளில் முட்டை வைத்தால், குஞ்சுகள் ஒரே வயதாக அமையும். ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விவரம் கேட்கலாம். அடுத்த முறை கோழி அடைக்குப் படுத்தால், கூடையைத் தேடுமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.