அனுபவம் மட்டும் சான்றாகுமா?

'இந்தக் கஷாயத்தை நாற்பது நாள் குடித்தேன். சர்க்கரை போன இடம் தெரியவில்லை' என்று ஒருவர் பேசும் காணொலி, ஒரே நாளில் எத்தனையோ குடும்பங்களின் வாட்ஸ்ஆப் குழுக்களைச் சுற்றி வந்துவிடுகிறது. அவர் பொய் சொல்கிறார் என்று கருத வேண்டியதில்லை. கஷாயம் குடித்தது உண்மை. சர்க்கரை அளவு குறைந்ததும் உண்மையாக இருக்கலாம். ஆனால், கஷாயத்தால்தான் குறைந்தது என்பது அவ்விரண்டிலிருந்தும் வேறுபட்ட மூன்றாவது கூற்று. அதற்குத் தனியே சான்று வேண்டும்.

உடல்நலம், மன அமைதி, குழந்தை வளர்ப்பு, பணியிட உறவு என எல்லாவற்றுக்கும் இன்று ஆலோசனைகள் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய மருத்துவப் பட்டமோ, புள்ளியியல் பட்டமோ தேவையில்லை. 'அதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?' என்ற ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் போதும். ஓர் அரசுத் திட்டத்தின் பயனை மதிப்பிட முற்படும் பொருளியல் அறிஞர்கள் முதலில் எழுப்பும் கேள்வியும் இதுதான்.

இந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடிய ஆய்வு ஒன்று சென்னையிலேயே நடந்துள்ளது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு மேற்கொண்ட 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்ற அந்த ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். யார் எந்தக் குழு என்பதை அவர்களின் விருப்பத்துக்கோ, மருத்துவரின் விருப்பத்துக்கோ விடாமல், குலுக்கல் போன்ற முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு ஆகிய வாழ்க்கைமுறை மாற்றம். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது குழுவுக்கு இரண்டும்.

மூன்று ஆண்டுகளின் முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்கு ஆளாகியிருந்தனர். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம்; மாத்திரை உட்கொண்டவர்களில் 40.5 சதவீதம், இரண்டையும் கடைப்பிடித்தவர்களில் 39.5 சதவீதம். நடையும் உணவு ஒழுங்கும் மாத்திரைக்கு நிகரான பயனைத் தந்தன; இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் கிட்டவில்லை.

இந்த எண்களுக்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது. சிறப்பாக எதுவும் செய்யாத குழுவிலும் நூற்றுக்கு 45 பேருக்கு அந்த மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரவில்லை. அந்த 45 பேரும் தினமும் ஏதோ ஓர் இலைச்சாற்றைக் குடித்து வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? 'இதுதான் என்னைக் காப்பாற்றியது' என்று மனமாரச் சாட்சி கூறியிருப்பார்கள். மறுபுறம், ஒழுங்காக நடந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு நீரிழிவு வந்தது. 'நடந்து என்ன பயன்?' என்று அவர்களைச் சுட்டிக்காட்டி அண்டை வீட்டார் கேட்டிருக்கக் கூடும். தனி மனிதர்களை மட்டும் பார்த்தால் பயனற்றது பயனுள்ளதாகவும், பயனுள்ளது பயனற்றதாகவும் தோன்றும். இரு குழுக்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

பயனின் அளவையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 55 என்பது 39.3 ஆனதை '28.5 சதவீதம் குறைந்தது' என்றும் சொல்லலாம். 'நூறு பேரில் ஏறத்தாழ 16 பேர் தப்பினர்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரியே. விளம்பரங்கள் பெரும்பாலும் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளும். நமக்கு உதவுவது இரண்டாவது கணக்கு. ஏறத்தாழ ஆறு பேர் மூன்று ஆண்டுகள் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டால், அவர்களில் ஒருவர் அக்காலத்தில் நீரிழிவிலிருந்து தப்புகிறார். இது மாயாஜாலம் அன்று. ஆனால், மிகப் பெரிய நன்மை. இந்தியாவில் 10.1 கோடி பேர் நீரிழிவுடனும், 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருப்பதை எண்ணினால், அதன் பெருமை விளங்கும்.

ஒப்பீடு இல்லாத அனுபவம் நம்மை ஏமாற்றுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உடல்நிலை மிக மோசமாக இருக்கும் நாளில்தான் நாம் புதிய வைத்தியத்தை நாடுகிறோம். ஏறி இறங்கும் இயல்புடைய மூட்டுவலியோ, ரத்த அழுத்தமோ உச்சத்தைத் தொட்ட பிறகு பெரும்பாலும் தானே சற்று இறங்கும். இறங்கும் வேளையில் கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்குப் புகழ் போய்ச் சேர்கிறது. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குறைந்த உயரம் உடையவர்களாக இருப்பதை ஆராய்ந்து, 1886-இல் இந்தப் போக்கை விளக்கினார் பிரான்சிஸ் கால்ட்டன். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று இதனைப் புள்ளியியல் கூறுகிறது.

இது நம் உறவுகளையும் பாதிக்கிறது என்பதுதான் வியப்பு. 2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது, தண்டனையைவிடப் பாராட்டே கற்றலுக்கு உதவும் என்றார். மூத்த பயிற்சியாளர் ஒருவர் மறுத்தார். நன்றாக ஓட்டியவரைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார். மோசமாக ஓட்டியவரைத் திட்டினால் அடுத்த முறை திருந்துகிறார் என்பது அவரது அனுபவம். கானமன் அங்கிருந்த ஒவ்வொருவரையும் இலக்குக்கு முதுகு காட்டி நிற்கச் செய்து, இருமுறை நாணயத்தை எறியச் சொன்னார். முதல் முறை இலக்கை நெருங்கியவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை விலகினர். முதலில் விலகியவர்களில் பெரும்பாலோர் நெருங்கினர். அங்கே பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை.

தேர்வில் வழக்கத்தைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற மகளைத் திட்டுகிறோம். அடுத்த தேர்வில் அவள் தன் இயல்பான நிலைக்குத் திரும்புகிறாள். திட்டியதால்தான் தேறினாள் என்று முடிவு கட்டுகிறோம். அலுவலகத்தில் ஊழியரிடமும் இதே கதைதான். கடுஞ்சொல்லுக்கு உரியதல்லாத பெருமையை அதற்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் மீண்டும் அதையே கையிலெடுக்கிறோம். இதற்கு நாம் கொடுக்கும் விலை உறவுகளின் விரிசல்.

அப்படியானால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அனுபவம் ஒரு கேள்வியைத் தொடங்கி வைக்கிறது. அதற்கு முடிவான விடையைத் தருவதில்லை. அன்றாட வாழ்வில் இதைக் கடைப்பிடிப்பது கடினமன்று. ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றலாம். ஒரு நாள் அளவை வைத்து மகிழாமலும் கலங்காமலும், மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கலாம். பயன் பெற்றவர் காணொலியில் பேசுகிறார். அதே மருந்தால் பயன் பெறாதவர்கள் எங்கே என்று தேடலாம்.

மன உறுதியை மட்டும் நம்பாமல் நினைவூட்டலையும் துணைக்கொள்ளலாம். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 537 ஆண்களிடம் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய மற்றோர் ஆய்வு 2013-இல் வெளியானது. கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே தொடர்ந்து நினைவூட்டப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கும், நினைவூட்டப்படாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் இரண்டு ஆண்டுகளில் நீரிழிவு வந்திருந்தது. கஷாய விளம்பரத்தைச் சுமந்து வரும் அதே கைப்பேசி, முறையாகப் பயன்படுத்தினால் நோயைத் தடுக்கவும் துணை நிற்கிறது.

மேற்சொன்ன ஆய்வுகள் நீரிழிவு வராதிருந்தவர்களைப் பற்றியவை. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர், காணொலியை நம்பி அதைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. கட்டுப்பாடற்ற சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் ஓசையின்றிச் சிதைக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அத்தகைய செய்தியை அனுப்பும் உறவினரை எள்ளி நகையாடுவதும் பயன் தராது. அவர் அனுப்பியது நம்மீதுள்ள அக்கறையால். 'இதைக் குடிக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது பார்த்தார்களா?' என்று அன்போடு கேட்கலாம். நாம் நெடுநாளாகப் போற்றி வரும் நம்பிக்கை ஒன்றைப் பற்றி அவர் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால், முகம் சுளிக்காமல் விடை தேடவும் வேண்டும். பிறரது நம்பிக்கைகளை உரசிப் பார்க்கும் கல்லில் நம்முடையதையும் உரசிப் பார்ப்பதே அறிவுடைமை.